கைசுவின் ஜாக்கெட்டில் ஒரு காலியிடம்

கைசுவின் ஜாக்கெட்டில் முதுகுப் பக்கம், இடது தோளுக்குச் சற்றுக் கீழே, உள்ளங்கை அகலத்துக்கு ஓரிடம் நாற்பது வருடமாகக் காலியாகக் கிடந்தது. மற்றபடி அந்தக் கைவெட்டிய ஜீன்ஸ் ஜாக்கெட்டில் ஊசி குத்த இடமில்லை. முன்னும் பின்னும் மண்டையோடு, கோடரி, சிறகு முளைத்த ஓநாய் என்று அறுபத்துமூன்று துணிச் சின்னங்கள். ஒவ்வொன்றும் ஒரு ஹெவி மெட்டல் இசைக்குழு. ஒவ்வொரு குழுவையும் அவள் மேடைக்கு முன்னால் நின்று, முதல் அடியிலிருந்து கடைசி அடி வரை கேட்டிருக்கிறாள். நேரில் நின்று கேட்காத குழுவின் சின்னத்தைத் தைக்கக் கூடாது என்பது மெட்டல் கேட்பவர்களிடம் எழுதாத சட்டம். கடையில் வாங்கி வந்து அன்றைக்கே தைத்துக்கொண்டு திரிகிறவர்களும் உண்டு. அவர்களைக் கைசு திட்டமாட்டாள். ஒரு பார்வை பார்ப்பாள், அதுவே போதும்.

காலியிடம் கெக்காலே என்ற குழுவுக்கு உரியது. கெக்காலே என்றால் பின்னிஷ் மொழியில் கொள்ளிக்கட்டை. ஆற்றுக்கு அக்கரை ஊர்ப் பையன்கள் நாலு பேர். ஒரே ஒரு இசைத்தட்டு போட்டார்கள். 1985 நவம்பரில் ஆலைத் தொழிலாளர் மன்றத்தில் அவர்கள் வாசித்தபோது கைசுவுக்கு இருபத்தொரு வயது, கையில் டிக்கெட் இருந்தது. எட்டு மணிக்குக் கச்சேரி. தான் வேலை பார்த்த காகித ஆலையிலிருந்து ஆறு மணிக்குக் கிளம்புவதற்காக ஒருத்தியிடம் ஷிஃப்ட் மாற்றிப் பேசி வைத்திருந்தாள். ஆறுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது மூன்றாம் நம்பர் இயந்திரத்தில் தாள் அறுந்தது. காகித ஆலையில் தாள் அறுந்துவிட்டால் பெற்ற பிள்ளை அழுதாலும் யாரும் நகர முடியாது. கிழிசலை வாரிக் கொட்டி, உருளைகளைத் துடைத்து, ஈரத்தாளை மறுபடி கோத்து விட வேண்டும். அது மறுபடி அறும். அன்றைக்கு ஏழு தடவை அறுந்தது. இயந்திரம் ஒழுங்காக ஓடத் தொடங்கியபோது மணி பத்தரை. மூன்று மாதத்தில் கெக்காலே கலைந்துபோயிற்று. டிரம்ஸ்காரன் ஸ்வீடனுக்குக் கார் தொழிற்சாலை வேலைக்குப் போனான், பாடகன் கல்யாணம் செய்துகொண்டான்.

கச்சேரிக்கு மறுநாள் காலை, ஆலையின் மர முற்றத்தில் கிரேன் ஓட்டும் யோர்மா, வாசலில் வைத்து ஒரு துணிச் சின்னத்தை அவள் கையில் திணித்தான். மன்ற வாசலில் விற்றார்களாம், இரண்டு வாங்கினானாம். கைசு அதைத் தையல் பெட்டியின் அடியில் போட்டு மூடினாள். கேட்காத குழு. யோர்மாவும் தன்னுடையதைத் தன் ஜாக்கெட்டில் தைக்கவே இல்லை. கச்சேரியைக் கேட்டும், தன்மேல் பரிதாபப்பட்டுத்தான் தைக்காமல் இருக்கிறான் என்று கைசு நினைத்தாள். கேட்டால் இன்னும் பரிதாபப்படுவான், ஆகவே கேட்கவில்லை. பின்லாந்தில் நாற்பது வருடம் ஒரு விஷயத்தைக் கேட்காமல் இருப்பது ஒன்றும் பெரிய காரியமில்லை.

அவளை மெட்டலுக்குக் கொண்டுபோய் விட்டதே அந்த மூன்றாம் நம்பர் இயந்திரம்தான். பத்தொன்பது வயதில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், ஷிஃப்ட் முடிந்து வெளியே வந்த பிறகும் தலைக்குள் அதன் சத்தம் ஓயவில்லை. சாப்பிடும்போதும் இரைந்தது, படுத்தாலும் இரைந்தது. வேலையை விட்டுவிடுவதென்று முடிவே செய்துவிட்டாள். அன்றைக்கு யோர்மா அவளைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு, ஒரு கேசட்டைப் போட்டான். அதே அளவு சத்தம். ஆனால் இதை யாரோ நாலு பேர் உட்கார்ந்து யோசித்து, இங்கே ஏற வேண்டும், இங்கே நிற்க வேண்டும் என்று விரல் வலிக்கப் பழகி உண்டாக்கியிருந்தார்கள். ஆலைச் சத்தம் அவள் ஒருத்தி அங்கே நிற்பதைப் பொருட்படுத்தியதே இல்லை. இந்தச் சத்தம் அவளைத் தோளில் தட்டிக் கூப்பிட்டது. பாட்டு முடிந்தபோது தலைக்குள் இரைச்சல் இல்லை. மறுநாள் நிமிர்ந்து ஆலைக்குப் போனாள். முப்பத்தொரு வருடம், ஆலையை இழுத்து மூடும் வரை, நிமிர்ந்தேதான் போனாள்.

இப்போது அறுபத்தொரு வயது, குழந்தைகள் காப்பகத்தின் சமையலறையில் வேலை. போன குளிர்காலத்தில், பிள்ளைகள் கிண்ணத்தை நீட்டி என்ன கேட்கிறார்கள் என்பது பிடிபடாமல் போயிற்று. கஞ்சி கேட்டவனுக்குப் பாலும், பால் கேட்டவளுக்குக் கஞ்சியும் போயின. செய்தி அக்கா ரித்வாவின் காதுக்கு எட்டியது. ரித்வாவுக்கு நாற்பது வருடமாக ஒரே பல்லவி.

"அந்தப் பேய்க் கத்தல்தான்டி உன் காதைத் தின்னுடுச்சு. நான் அப்பவே சொன்னேன். செவிடன் காதுல ஊதின சங்காப் போச்சு. இப்ப நெஜமாவே செவிடு."

கைசு கச்சேரிக்குக் காதில் மஞ்சள் பஞ்சு அடைத்துக்கொண்டுதான் போவாள். ஜாக்கெட்டின் உள்பையில் அது எப்போதும் ஒரு ஜோடி இருக்கும். ஆலையில்தான் முதல் பத்து வருடம் யாரும் ஒழுங்காக எதையும் மாட்டிக்கொள்ளவில்லை. இதை அக்காவிடம் சொன்னால் அக்கா சிரிப்பாள். ஆலை அப்பா வேலை பார்த்த இடம், மரியாதைக்குரியது. மெட்டல்தான் ஊரில் எல்லாப் பழியும் சுமக்கிற கழுதை.

காது பார்க்கும் இடத்தில் லூமி என்ற இளம்பெண் இருந்தாள். பொறுமையான பெண். கைசுவின் காதுக்கு அச்செடுத்து, இரண்டு செவிக்கருவிகளைப் பொருத்திவிட்டு விளக்கினாள். காது தவறவிட்டதையெல்லாம் இத்தனை வருடம் மூளை ஞாபகத்திலிருந்து எடுத்துப்போட்டு நிரப்பியிருக்கும். இனிமேல் உண்மையிலேயே இருப்பது கேட்கும். பழக ஆறு வாரம் ஆகும் என்றாள். கையில் ஒரு தாளும் கொடுத்தாள்: காலையில் எழுந்ததும் மாட்டவும், தூங்கும்போதும் சௌனா ஆவிக் குளியலின்போதும் மட்டும் கழற்றவும். கைசு, ஈ காக்கை இல்லாத தெருவிலும் சிவப்பு விளக்குக்கு நிற்கிறவள். தாளில் இருந்ததை அட்சரம் பிசகாமல் செய்தாள்.

பலனும் இருந்தது. பிள்ளைகளுக்குச் சரியான கிண்ணம் போய்ச் சேர்ந்தது. அந்த ஏப்ரலில்தான் அந்தச் செய்தியும் வந்தது. கெக்காலே நாலு பேரும் உயிரோடு இருக்கிறார்கள், ஜூலையில் ஏரிக்கரை மெட்டல் விழாவில் வாசிக்கப் போகிறார்கள். கைசுவும் யோர்மாவும் முப்பத்துமூன்று வருடமாகத் தவறாமல் போகிற விழா. செய்தியைப் படித்துவிட்டுக் கைசு எழுந்து நின்றாள். பிறகு என்ன செய்வது என்று தெரியாமல் காப்பி போட்டாள். சாயங்காலம் பழைய இசைத்தட்டை எடுத்துத் துடைத்து, ஊசியை இறக்கினாள்.

டிரம்ஸ் வந்தது. பாடகனின் குரல் வந்தது, மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. கிட்டார் வரவில்லை. ஒரு கணம் தலைகாட்டியது, பிறகு யாரோ கதவைச் சாத்தியதுபோல் உள்ளே போய்விட்டது. ஒலியைக் கூட்டினாள், டிரம்ஸ்தான் கூடியது. வேறு தட்டைப் போட்டாள், அதிலும் இல்லை. பத்துத் தட்டுகள் போட்டுப் பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். லூமி சொன்னது நினைவுக்கு வந்தது. இத்தனை வருடம் தான் கேட்டுக்கொண்டிருந்தது கிட்டார் இல்லை, கிட்டாரின் ஞாபகம். இப்போது உண்மை கேட்கிறது. காதில் கிட்டாருக்கு இடமில்லை, அதுதான் உண்மை. கைசு அழுதாள். அம்மா செத்தபோது அழுததற்குப் பிறகு இப்போதுதான்.

மே மாதம் ஆறாவது வாரப் பரிசோதனை. எப்படி இருக்கிறது என்று லூமி கேட்டாள். நல்லா இருக்கு என்றாள் கைசு. ஏதாவது குறை இருந்தால் சொல்லலாமே என்று மறுபடி கேட்டாள். ஒன்றுமில்லை என்றாள். இது அவளுடைய தப்பு மட்டுமில்லை, எங்கள் ஜனங்களின் தப்பு. வீடு தீப்பிடித்தாலும், சிரமம் கொடுக்கக் கூடாதே என்று தீயணைப்புக்காரருக்குக் காப்பி தயாராகும் வரை அவரைக் கூப்பிடாமல் காத்திருப்போம்.

கெக்காலேயின் முன்னால் போய் நின்று, கிட்டார் இல்லாமல் கேட்டுவிட்டு, அந்தச் சின்னத்தைத் தைத்துக்கொள்ள அவளுக்கு மனசு வரவில்லை. அது பொய். அறுபத்துமூன்று உண்மைகளுக்கு நடுவில் ஒரு பொய்யைச் சுமந்துகொண்டு அவளால் திரிய முடியாது. ஜூனில் ஒரு நாள் ஜாக்கெட்டை மடித்துப் பையில் போட்டு, யோர்மாவின் வீட்டுக்கு எடுத்துப் போனாள்.

"இத நீ வச்சுக்கோ. இந்த வருஷம் நான் வரல."

யோர்மா பையைத் திறந்து பார்த்தான். அவளைப் பார்த்தான். சரி என்றான்.

அடுத்த சனிக்கிழமை வழக்கம்போல் அவன் வீட்டில் சௌனா. ஏரிக்கரையில் மரத்தால் கட்டிய சின்ன அறை, விறகடுப்பு, சூடேறிய கல். எப்போதும் கைசு முதலில் குளிப்பாள், பிறகு யோர்மா. கருவிகளைக் கழற்றி உடைமாற்றும் அறையில் ஒரு காப்பிக் கோப்பையில் வைத்துவிட்டு, மேல் பலகையில் உட்கார்ந்து கல்லில் தண்ணீர் ஊற்றினாள். ஆவி உஸ்ஸென்று எழுந்து அடங்கியது. வெளியே யோர்மா சாசேஜ் சுடுவதற்காகத் தீ மூட்டிக்கொண்டிருந்தான். தன் வேனின் கதவுகளைத் திறந்து வைத்து, பாட்டை உரக்க வைத்திருந்தான். தனியாக இருக்கும்போது அப்படித்தான் வைப்பான். கைசு குளிப்பதையும் அவன் தனியாக இருப்பது என்றுதான் கணக்கு வைத்திருந்தான்.

மரச்சுவரைத் துளைத்துக்கொண்டு ஒரு கிட்டார் வந்தது.

ஞாபகம்தான் என்று நினைத்துக் கைசு இன்னொரு கரண்டித் தண்ணீர் ஊற்றினாள். ஆவி அடங்கியதும் கிட்டார் இன்னும் இருந்தது. தாழ்வாக, கரகரவென்று, மூன்று தடவை ஒரே இடத்தைச் சுற்றியது. நாலாவது சுற்றில் இரண்டாவது கிட்டார் கீழேயிருந்து ஏறி வந்து சேர்ந்துகொண்டது. கைசுவுக்கு மெட்டலில் தெரியாத பாட்டு கொஞ்சம்தான். ஆனால் இது அவளுக்குத் தெரியாது. இதை அவள் வாழ்நாளில் கேட்டதில்லை. கேட்காத பாட்டுக்கு ஏது ஞாபகம்?

துண்டைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தாள். உடம்பிலிருந்து ஆவி பறந்துகொண்டிருந்தது.

"இது என்ன பாட்டு?"

"கெக்காலேவோடது. புதுசு. நேத்துதான் விட்டாங்க," என்று யோர்மா கத்திச் சொன்னான்.

"நாலாவது சுத்துல ரெண்டாவது கிட்டார் கீழேர்ந்து ஏறுதா?"

யோர்மா யோசித்தான். வேனுக்குப் போய்ப் பாட்டை முதலிலிருந்து வைத்தான். இருவரும் நின்று கேட்டார்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று அவன் விரலை மடக்கினான். நாலாவதில் தலையை ஆட்டினான்.

கைசு உள்ளே போய்க் கோப்பையிலிருந்து கருவிகளை எடுத்து மாட்டிக்கொண்டு வந்தாள். கிட்டார் இல்லை. கழற்றினாள். கிட்டார் இருந்தது. இப்படி மூன்று தடவை. யோர்மா சாசேஜைக் கரியவிட்டுவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் கைசு அந்த இரண்டு கருவிகளையும் உள்ளங்கையில் வைத்து, வேண்டாத விருந்தாளியைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். குற்றம் காதில் இல்லை. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை? அவளுக்கு வந்த சந்தோஷத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது. தன்மேலும்தான்.

"ஜாக்கெட்ட குடு," என்றாள்.

"வேன்ல இருக்கு. எனக்கு எப்படியும் பத்தல."

முன்சீட்டின் முதுகில், அவள் எப்போதும் உட்காரும் பக்கம், ஜாக்கெட் மாட்டியிருந்தது.

லூமியிடம் நேரம் கிடைத்தது விழாவுக்கு நாலு நாள் முன்னால். கைசு ஜாக்கெட்டை அணிந்துகொண்டு போனாள். காத்திருக்கும் அறையில் ஒரு கிழவர் மண்டையோடுகளைப் பார்த்துவிட்டு நகர்ந்து உட்கார்ந்தார். எப்படி இருக்கிறது என்று லூமி வழக்கம்போல் கேட்டாள்.

"நல்லா இல்ல."

சொல்லிவிட்டு வெட்கமாக இருந்தது, ஆனால் வாய் திறந்தாயிற்று. எல்லாவற்றையும் சொன்னாள். லூமி அந்தப் பாட்டைத் தன் அறையில் வைத்துக் கருவியைக் கணினியோடு இணைத்துப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவள் முகம் சிவந்தது. ஒரே மாதிரியாக, கரகரவென்று, விடாமல் வருகிற சத்தத்தை இந்தக் கருவி பஸ் எஞ்சின் என்றோ தூசி உறிஞ்சும் இயந்திரம் என்றோ எடுத்துக்கொள்ளும், பேச்சு தெளிவாகக் கேட்பதற்காக அதை அமுக்கிவிடும் என்று சொன்னாள். அதற்கு மேல் சொல்லத் தயங்கினாள்.

"சொல்லும்மா."

"உங்க கிட்டார தொழிற்சாலை இரைச்சல்னு எடுத்துக்கிட்டிருக்கு."

கைசு அந்தக் கருவியைப் பார்த்தாள். பேசியபோது குரலை உயர்த்தவில்லை.

"முப்பத்தோரு வருஷம் பேப்பர் மிஷின் பக்கத்துல நின்னவ நான். இரைச்சல்னா என்னன்னு இந்தக் கடுகளவு டப்பா எனக்குச் சொல்லித்தர வேணாம். அது யாருக்காகவும் இரையறது இல்ல. இது ஒருத்தன் எனக்குன்னு வாசிச்சது. இது இல்லேன்னா நான் அந்த மிஷின்கிட்ட ஒரு மாசம் நின்னிருக்க மாட்டேன். இது இரைச்சல் இல்லன்னு அதுக்குள்ள எழுது."

"எழுதறேன்," என்றாள் லூமி.

ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து எழுதினாள். அமுக்குகிற வேலையை நிறுத்தி, பெரிய சத்தத்தை மேலும் பெரிதாக்காமல், கிட்டாருக்கு வழிவிடும்படி ஒரு தனி அமைப்பு. கருவியின் பொத்தானை ஒருமுறை அழுத்தினால் இசை, இன்னொருமுறை அழுத்தினால் பேச்சு. அச்செடுத்த அடைப்பு இருப்பதால் கச்சேரியில் காதுக்குக் காவலும் ஆகும், ஆனால் ஒலிபெருக்கிப் பெட்டிகளுக்கு அருகில் நிற்காமல் பின்னால் நிற்க வேண்டும் என்றாள். கிளம்பும்போது கைசுவின் காது வரைபடத்தைத் திரையில் காட்டி ஒரு கேள்வி கேட்டாள். இடது காது வலதைவிட நிறைய மோசமாக இருக்கிறதே, இயந்திரத்துக்கு எந்தப் பக்கம் காட்டி நிற்பீர்கள்?

இடது பக்கம் என்றாள் கைசு. கச்சேரியிலோ எப்போதும் நட்ட நடுவில், மஞ்சள் பஞ்சோடு.

சத்தியமாகச் சொல்ல முடியாது, ஆனால் காதைக் கெடுத்தது பெரும்பாலும் இயந்திரமாகத்தான் இருக்கும் என்று லூமி சொன்னாள். கைசு அந்த வரைபடத்தை அச்செடுத்துத் தரச் சொன்னாள். அது இன்றைக்கும் அவள் வீட்டுக் குளிர்பெட்டிக் கதவில் இருக்கிறது. ரித்வா காப்பிக்கு வரும்போது பால் எடுக்க அந்தக் கதவைத்தான் திறக்க வேண்டும்.

விழா சனிக்கிழமை. சாயங்காலம் ஆறு மணி, வெயில் மதியம்போல் அடித்தது. கெக்காலே நாலு பேரும் மேடைக்கு வந்தார்கள். இரண்டு பேருக்கு மயிரே இல்லை, டிரம்ஸ்காரனை ஒருவர் கையைப் பிடித்து ஏற்றிவிட்டார். கைசு திடலின் பின்பாதியில், யோர்மாவின் பக்கத்தில் நின்று பொத்தானை அழுத்தினாள். பாடகன் தலையை ஆட்டினான். முதல் கிட்டார் திறந்துகொண்டது.

முழுசாக வந்தது. கரகரப்பும் ஓரமும் அடியிலிருக்கும் முரட்டுத்தனமும் எதுவும் குறையாமல் வந்து அவள் நெஞ்சில் மோதியது. நாலாவது சுற்றில் இரண்டாவது கிட்டார் ஏறியபோது கைசு வலது கையை உயர்த்தினாள். திடலில் பத்தாயிரம் கைகள் உயர்ந்தன. அவற்றில் கைசுவின் கை எந்த விதத்திலும் விசேஷமில்லை. அதுவே அவளுக்குப் பெருமையாக இருந்தது. இருபத்தொரு வயதுக்காரி கிழிந்த தாளோடு மல்லுக்கட்டிக்கொண்டு நின்ற அந்த நாலரை மணி நேரத்தை ஒரு கிழவர் கூட்டம் அவளுக்குத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது. ஐம்பது நிமிடமும் அவள் உட்காரவில்லை, கண்ணைத் துடைக்கவுமில்லை.

முடிந்த பிறகு திடலின் ஓரத்தில் புல்லில் உட்கார்ந்தார்கள். கைசு ஜாக்கெட்டைக் கழற்றி மடியில் விரித்து, பையிலிருந்து ஊசியும் நூலும், நாற்பது வருடம் தையல் பெட்டியில் கிடந்த சின்னமும் எடுத்தாள். கறுப்புத் துணியில் சிவப்புக் கொள்ளி. காலியிடத்தில் வைத்துப் பார்த்தாள், பொருந்தியது. கருவியைப் பேச்சுக்கு மாற்றிக்கொண்டு தைக்க ஆரம்பித்தாள். இரண்டு பக்கம் முடிந்தபோது யோர்மா ஏதோ முணுமுணுத்தான். பழைய காதாக இருந்தால் அது தவறிப்போயிருக்கும்.

"அந்த ஊசிய அப்புறம் எனக்கும் குடு."

அவன் பர்ஸிலிருந்து ஒரு துணியை எடுத்தான். மடிப்பில் வெளுத்திருந்தது. அதே கொள்ளிக்கட்டை.

"நீதான் அன்னிக்கே கேட்டியே. தைக்கறதுக்கென்ன?" என்றாள் கைசு.

"கேக்கல. உள்ளயே போகல."

ஊசி நின்றது.

"வாசல்ல நின்னேன். நீ வந்துருவன்னு. அவங்க ஆரம்பிச்சுட்டாங்க, நீ வரல. இப்ப வந்துருவ, இப்ப வந்துருவன்னு நின்னேன். முடிஞ்சுபோச்சு." அவன் ஏரியைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "சுவத்து வழியா கேட்டது கணக்குல வராது."

நவம்பர் குளிரில் இரண்டரை மணி நேரம். நாற்பது வருடமாக இவன் பரிதாபப்படுகிறான் என்று நினைத்திருந்தாளே என்று கைசுவுக்குத் தன்மேல் வெட்கம் வந்தது. அதைவிடப் பெரிதாக, இப்படி ஒருவனோடு முப்பத்துநாலு விழாக்களில் தோளோடு தோள் நின்றவள் தான் என்ற பெருமை வந்தது. நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். அவளுடைய சின்னத்தில் இன்னும் இரண்டு பக்கம் பாக்கி இருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு, யோர்மாவுக்குக் கிட்டத்தில் கண் சரியாகத் தெரியாது என்பதால் ஊசியில் தானே புது நூல் கோத்து, அவனிடம் முதலில் நீட்டினாள்.